பெயர்தான் கண்ட்ரோலர்

'கண்ட்ரோல்' என்ற வார்த்தை நம் வீடுகளுக்குள் நுழைந்தது யுத்த காலத்து ரேஷன் க்யூ வழியாக. அரிசிக்குக் கண்ட்ரோல், துணிக்குக் கண்ட்ரோல், மண்ணெண்ணெய்க்குக் கண்ட்ரோல். என் பாட்டி கடைசி வரைக்கும் முரட்டு வேட்டியைக் 'கண்ட்ரோல் துணி' என்றுதான் சொல்வார். 1952-ல் ராஜாஜி முதலமைச்சராக வந்து உணவு தானியக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். அதற்கு டீகண்ட்ரோல் என்று பெயர். எடுப்பதற்குப் 'டீ' சேர்க்க வேண்டும் என்கிற அளவுக்காவது அன்றைக்கு வார்த்தைகள் ஒழுங்காக இருந்தன.

அதே ராஜாஜி 1878-ல் பிறந்த தொரப்பள்ளியில்தான் நான் குடியிருக்கிறேன். ஓசூர் பக்கம், தென்பெண்ணை ஓரம். அவர் பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். அதைத் தேடி வருகிறவர்களுக்கு வழி சொல்வது எனக்கு உபதொழில். பிரதான தொழில், பத்திரிகைகளுக்கு எழுதுவது. வருமானத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

இந்த ஊரில்தான் சமீபத்தில் ஒரு பித்தளைச் சாமானைப் பார்த்தேன். கட்டைவிரல் பருமன். இரண்டு பக்கம் ரப்பர் குழாய் சொருக மூக்கு. தலையில் ஒரு திருகாணி. எதிர்வீட்டுப் பையன் அதை உள்ளங்கையில் வைத்து, பிள்ளையார் சிலையைக் காட்டுவது மாதிரி காட்டினான்.

"மேனுவல் பூஸ்ட் கண்ட்ரோலர்ணா."

எனக்குத் தெரிந்த பூஸ்ட், கபில்தேவும் டெண்டுல்கரும் விளம்பரத்தில் குடித்தது. பாலில் போட்டுக் கலக்குவது. அதற்கு எதற்குக் கண்ட்ரோலர் என்று கேட்டேன்.

பையன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பி.காம். படித்தவர்களை இன்ஜினீயரிங் படித்தவர்கள் பார்க்கும் பார்வை.

* * *

பையனுக்கு வயது இருபத்தாறு. சிப்காட்டில் வேலை. அவன் அப்பா ஒரு தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு, வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்தவர். அந்தப் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, "வீட்டுக்கு ஒரு கார் வாங்குடா, உங்கம்மா பஸ்ஸுல நின்னுக்கிட்டே போறா" என்று கொடுத்தார். அவர் மனதில் இருந்தது ஒரு சாதுவான நாலு கதவு.

பையன் பெங்களூரில் தேடி, மூன்று கை மாறிய ஆக்டேவியா ஒன்றைப் பிடித்து வந்தான். 2004-ல் இந்தியாவுக்கு வந்த மாடல். 1.8 லிட்டர் டர்போ பெட்ரோல், 150 குதிரைசக்தி. கே.ஏ. நம்பரை டி.என்.70 ஆக்குவதற்குள் இரண்டு செருப்பு தேய்ந்தது. அந்த மாடலின் பெயர் என்ன தெரியுமா? வி.ஆர்.எஸ்.!

"வி.ஆர்.எஸ். பணத்துல வி.ஆர்.எஸ். கார் வாங்கியிருக்கான்" என்று அப்பா ஒரே ஒரு தடவை சொன்னார். அன்றிலிருந்து அப்பாவும் பிள்ளையும் நேருக்கு நேர் பேசுவதில்லை. ஆறு மாதமாக எல்லாச் சேதியும் என் மூலமாக. 'மோட்டார் ரிப்பேர்னு சொல்லுப்பா', 'சம்பளம் போட்டுட்டாங்கன்னு சொல்லிருங்கண்ணா'. நடுவில் நான் ஒரு குழாய்.

பித்தளைச் சாமான் என்னிடம் வந்ததும் அதனால்தான். "அப்பாகிட்ட நீங்க பக்குவமா சொல்லிருங்கண்ணா. இதைப் போட்டா கார் பிச்சுக்கிட்டுப் போகும்."

சேதி சொல்வதற்கு முன்னால் சேதி என்ன என்று தெரிந்துகொள்வது என் கொள்கை. விசாரித்தேன்.

* * *

இன்ஜின் என்பது காற்றையும் பெட்ரோலையும் கலந்து எரிக்கிற அடுப்பு. நிறைய எரிய வேண்டுமானால் நிறையக் காற்று வேண்டும். சாதாரண இன்ஜின் தானாக மூச்சு இழுக்கும். டர்போ என்பது துருத்தி. சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகையை ஒரு சக்கரத்தின் மேல் அடித்துச் சுற்றவிட்டு, அதே அச்சில் மறுபக்கம் இருக்கிற இன்னொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி உள்ளே தள்ளுவது. ஆல்ஃபிரட் பூச்சி என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1905-ல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கார்களில் இருக்கும் டர்போ நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்.

இதில் ஒரு வில்லங்கம். புகை கூடினால் சக்கரம் வேகமாகச் சுற்றும். சக்கரம் சுற்றினால் காற்று கூடும். காற்று கூடினால் புகை இன்னும் கூடும். வட்டிக்கு வட்டி போட்ட கந்துக்கடன் மாதிரி ஏறிக்கொண்டே போகும். எங்கேயாவது நிறுத்தியாக வேண்டும்.

நிறுத்துகிற ஆசாமிதான் வேஸ்ட்கேட். பேரைக் கேட்டு நகராட்சி சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். புகை வரும் பாதையில் ஒரு திட்டிவாசல். அதைத் திறக்க ஒரு தண்டு. தண்டை இழுத்துப் பிடித்திருப்பது ஒரு ஸ்பிரிங். டர்போ தள்ளும் காற்றிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இந்த ஸ்பிரிங் இருக்கும் டப்பாவுக்குப் போகும். 'ஐயா, அழுத்தம் போதும்' என்று தகவல் சொல்வது அந்தக் குழாய். தகவல் கிடைத்ததும் ஸ்பிரிங் அமுங்கும், வாசல் திறக்கும், மிச்சப் புகை சக்கரத்தைத் தொடாமல் வெளியே போய்விடும்.

பையன் கொண்டு வந்த பித்தளை, இந்தத் தகவல் குழாயின் நடுவில் உட்காருகிறது. உள்ளே ஒரு குண்டு, குண்டை அமுக்கி ஒரு ஸ்பிரிங். வருகிற காற்று, நாம் திருகி வைத்த அளவை எட்டும்வரை குண்டு நகராது. அதாவது, 'போதும்' என்ற தந்தி காவல்காரனுக்குத் தாமதமாகப் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தில் டர்போ இன்னும் கொஞ்சம் ஏறிக்கொள்ளும்.

முழுக்க விளங்கியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது கண்ட்ரோலரே இல்லை. டீகண்ட்ரோலர்! கட்டுப்பாட்டைத் தளர்த்துகிற சாமானுக்குக் கட்டுப்பாட்டாளர் என்று பெயர். ஸ்பிரிங்குக்கென்று இருக்கும் சொந்த அழுத்தத்துக்குக் கீழே இதனால் ஒரு இம்மிகூட இறக்க முடியாது. ஏற்ற மட்டுமே தெரியும். ரியல் எஸ்டேட் புரோக்கர் மாதிரி.

"அப்பாகிட்ட சொன்னீங்களாணா?"

சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "கேஜ் வாங்கினானான்னு கேளுப்பா" என்றார்.

வாங்கவில்லை. அழுத்தம் காட்டும் மீட்டர் இல்லாமல் அழுத்தத்தை ஏற்றப் புறப்பட்டிருக்கிறான். பையன் மறுநாளே வாங்கி வந்தான்.

* * *

பொருத்தும் வைபவம் ஞாயிற்றுக்கிழமை. அந்தக் காரில் தகவல் குழாயை ஏற்கெனவே ஒரு சின்ன மின்சார வால்வும் கம்ப்யூட்டரும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. பையன் அந்த வால்வை ஓரங்கட்டிவிட்டுப் பித்தளையை நடுவில் வைத்தான். அதன் உடம்பில் ஓர் அம்புக்குறி உண்டு. டர்போ பக்கம் வால், ஸ்பிரிங் டப்பா பக்கம் தலை. மாற்றிச் சொருகினால் காற்றே குண்டை இறுக்கி அடைத்துவிடும். தந்தி போகவே போகாது, டர்போ வானத்துக்கு ஏறிவிடும். இந்த ஒரு விஷயத்தில் பையன் ஜாக்கிரதை. திருகாணியை முழுக்கத் தளர்த்தி, அதாவது மிகக் குறைந்த அழுத்தத்தில் வைத்து ஆரம்பித்தான். அதுவும் சரி.

முதல் வாரம் திருகத் திருக மீட்டர் முள் அசையவில்லை. கால் திருகு, அரைத் திருகு, ஒரு திருகு. ஊஹூம். சாமானே போலி என்று பையன் முடிவுக்கு வந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா என்னைக் கூப்பிட்டு, "ஆக்ஸிலேட்டரை முறுக்கறப்போ பாம்பு சீறுதே, அவன் காதுல விழலையா?" என்றார். வேலை செய்ய இடம் போதாமல் பெரிய காற்றுக் குழாயைக் கழற்றி மாட்டியிருக்கிறான். கிளிப் சரியாக இறுகவில்லை. டர்போ அமுக்கின காற்று இன்ஜினுக்குப் போகாமல் தொரப்பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தது. சைக்கிள் கடைக்காரர் ட்யூபைத் தண்ணீரில் முக்குகிற அதே சாஸ்திரம்தான். குழாயில் லேசாகக் காற்று ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி வந்து காட்டிக்கொடுக்கும். காட்டிக்கொடுத்தது.

இரண்டாம் வாரம் முள் ஏறியது. ஆனால் கியர் மாற்றியதும் கார் ஒரு கணம் சோம்பல் முறித்துவிட்டுத்தான் கிளம்பியது. இந்தத் தடவையும் நான்தான் தூது. "அந்தப் பித்தளையில ஊசித் துவாரம் ஒண்ணு இருக்கணுமே, எங்கே?" என்று கேட்டனுப்பினார் பெரியவர். இருந்தது, பையன் அதை ஓட்டை என்று நினைத்து எம்-சீல் வைத்து அடைத்திருந்தான்! காலை எடுத்த பிறகு, குண்டுக்கும் ஸ்பிரிங் டப்பாவுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று கசிந்து போவதற்கான வழி அது. அடைத்துவிட்டால் வேஸ்ட்கேட் கதவு மூட நேரமாகும். டர்போவுக்கு மூச்சு வராது. எம்-சீலைச் சுரண்டினான். சோம்பல் போனது.

தொழில் ரகசியம் ஒன்று புரிந்தது. இந்த சாமானில் கோளாறு என்று வரும் கேஸ்களில் சாமான் பெரும்பாலும் நிரபராதி. குற்றவாளி குழாயும் கிளிப்பும்தான்.

* * *

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் மூவாயிரம் அடி உயரம். இங்கே காற்றழுத்தம் சென்னையைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைவு. மெல்லிய காற்றை எடுத்து அதே அளவு மீட்டர் அழுத்தம் காட்ட, டர்போ இங்கே அதிகமாகச் சுற்ற வேண்டியிருக்கும். சென்னை நண்பன் 'ரெண்டரைத் திருகு வெச்சேன், சூப்பரா இருக்கு' என்றால் அது சென்னைத் திருகு. தொரப்பள்ளிக்குச் செல்லாது.

பெட்ரோல் இன்ஜினில் இன்னொரு ஆபத்து. காற்றை அமுக்க அமுக்கச் சூடாகும். சைக்கிள் பம்ப்பின் அடிப்பாகம் கொதிப்பது ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சூட்டில் பெட்ரோல் கலவை, தன் முறை வருவதற்கு முன்னாலேயே வெடிக்கும். அதற்கு 'நாக்' என்று பெயர். டப்பாவுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குகிற சத்தம் கேட்கும். கேட்டுக்கொண்டே ஓட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். நவீனக் கார்களில் கம்ப்யூட்டர் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பொறியைத் தாமதப்படுத்தி இன்ஜினைக் காப்பாற்றப் பார்க்கும். தாமதித்தால் சக்தி குறையும். ஆக, ஒரு கட்டத்துக்கு மேல் நீங்கள் திருகத் திருக, கார் பலவீனமாகும். உழைப்பு உங்களுடையது, வரவு மெக்கானிக்குடையது.

"அண்ணா, இதே 1.8 இன்ஜின்ல ஆடிக்காரன் 225 குதிரை எடுத்திருக்கான்" என்றான் பையன். உண்மைதான். முதல் தலைமுறை ஆடி டிடி காரில் எடுத்தார்கள். ஆனால் அதற்குப் பெரிய டர்போ போட்டார்கள், பெரிய இன்ஜெக்டர் போட்டார்கள், அமுக்கின காற்றை ஆறவைக்க ஒன்றுக்கு இரண்டாக இன்டர்கூலர் வைத்தார்கள். பித்தளைத் திருகாணியால் மட்டும் எடுக்கவில்லை.

ஃபார்முலா ஒன் பந்தயத்திலும் இந்தப் பேராசை இருந்தது. 1977-ல் ரெனோ கம்பெனி முதன்முதலாக டர்போ காரைக் கொண்டுவந்தது. 1986 வாக்கில் தகுதிச் சுற்றுகளில் வளிமண்டலத்தைப் போல ஐந்து மடங்கு அழுத்தம் ஏற்றினார்கள். அந்த இன்ஜின்கள் சில ரவுண்டுக்கு மேல் தாங்காது. கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டுவார்கள். கடைசியில் 1987-ல் நாலு பார், 1988-ல் இரண்டரை பார் என்று கடிவாளம் போட்டு, 1989-ல் டர்போவையே தடை செய்தார்கள். டிரைவர் பக்கத்தில் பூஸ்ட் திருகு அன்றைக்கும் இருந்தது. ஆனால் 1988-ல் ஒரு பந்தயத்துக்கு 150 லிட்டர் பெட்ரோல்தான். ஆகவே ஏற்றத் தெரிந்தவனைவிட, எங்கே இறக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் வீடு போய்ச் சேர்ந்தான்.

* * *

மூன்றாவது வாரம் கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணம். பையன் ஓட்ட, நான் பக்கத்தில். போகும்போது சௌக்கியம். திரும்பும்போது சூளகிரி தாண்டி ஒரு ஏற்றம். முன்னால் ஒரு டேங்கர். பையன் வலது லேனுக்கு ஏறி அழுத்தினான். 0.6, 0.7, அவன் வைத்திருந்த 0.8. முள் அங்கே நிற்கவில்லை. 1.0. 1.2.

அடுத்த கணம் கார் செத்துவிட்டது. எல்லை தாண்டிய அழுத்தத்தைப் பார்த்த கம்ப்யூட்டர், இன்ஜினைக் காப்பாற்ற மூச்சைப் பிடித்துவிட்டது. நியாயமான காரியம்தான். ஆனால் நாங்கள் வலது லேனில். இடது பக்கம் டேங்கர். பின்னால் ஒரு லாரி, ஹாரனிலேயே ஏறி உட்கார்ந்து வந்துகொண்டிருந்தது. இன்ஜின் முனகியது. கார் நகர்ந்தது, அவ்வளவுதான். டேங்கர்காரர் நிலைமையைப் புரிந்துகொண்டு பிரேக் போட்டு வழி விட்டார். இடது ஓரத்துக்கு வந்து நின்றபோது பையனின் கை ஸ்டியரிங்கை விடவில்லை. நான் பிரித்து எடுத்தேன்.

பானட்டைத் திறந்தால், ஸ்பிரிங் டப்பாவுக்குப் போகிற மெல்லிய குழாய் கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கிளிப் போட வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் டேக் கட்டியிருந்தான். டர்போ பக்கத்துச் சூட்டில் அது இளகிவிட்டது. காவல்காரனுக்குத் தந்தி தாமதமாகக்கூடப் போகவில்லை. கம்பியே அறுந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தோம். இந்தச் சேதியை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, பையனே நேராக அப்பாவிடம் போய் நின்று எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டான். அவர் கண்ணாடியைக் கழற்றினார். முள் எவ்வளவு ஏறியது என்று கேட்கவில்லை. கார் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை.

"பின்னாடி லாரி எவ்ளோ தூரத்துலடா இருந்துச்சு?"

ஆறு மாதத்தில் அவர் பிள்ளையிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம். எனக்கு வேலை போய்விட்டது.

மறுநாள் காலை இருவரும் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்கள். பித்தளை வெளியே வந்தது. பழைய வால்வு மறுபடி பதவியேற்றது. எல்லா ரப்பர் குழாய்க்கும் புதுசாக ஸ்டீல் கிளிப். பெரியவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். "கம்பெனிக்காரன் இன்ஜின்ல கொஞ்சம் மிச்சம் வெச்சுத்தான் செய்வான். மட்ட பெட்ரோல், ஏப்ரல் வெயில், அஞ்சு பேர் லோடு, மேடு, இது எல்லாத்துக்கும் சேர்த்து. நீ திருகினது புதுச் சக்தி இல்லடா. அந்த மிச்சத்தை எடுத்துச் செலவு பண்ணினே."

பி.காமில் இதற்கு ரிசர்வ் ஃபண்ட் என்று பெயர். மூன்று வருடம் படித்தும் இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

* * *

இதைப் படித்துவிட்டு, 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்கிற வாசகர்கள் இருப்பீர்கள். அவர்களுக்கு:

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இன்ஷூரன்ஸ்காரர்கள் வேறு பூதக்கண்ணாடியோடு காத்திருப்பார்கள். பந்தயத் தடத்தில் மட்டும் ஓடுகிற வண்டி என்றால், மீட்டர் இல்லாமல் தொடாதீர்கள். கால் கால் திருகாக ஏற்றி, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதுங்கள். கூழாங்கல் சத்தம் கேட்டால் உடனே இறக்குங்கள். குழாய் எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. பிளாஸ்டிக் டேக்கைக் கல்யாணப் பந்தலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர்க்காரரையே சாட்சிக்குக் கூப்பிட்டு முடிக்கிறேன். 1937-ல் ராஜாஜி, ஓசூரும் சேர்ந்திருந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போனது. அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939-ல் விற்பனை வரி வந்தது. கட்டுப்பாட்டைப் போட்டாலும் சரி, எடுத்தாலும் சரி, எங்கிருந்தோ ஒரு பில் வந்தே தீரும். கணக்குத் தெரிந்தவர் ஆகையால் அவர் பில் வருமென்று தெரிந்தே செய்தார். சூளகிரி ஏற்றத்தில் எங்களுக்கு வர இருந்த பில்லை, பெயர் தெரியாத ஒரு டேங்கர் டிரைவர் பிரேக்கை மிதித்துத் தள்ளுபடி செய்துவிட்டார்.